உயிரின் விலை 500 பொற்காசா?

"நானா, உம்மும்மாவ எழுப்புற வைரத்துக்கு எவ்வளவு சல்லி வேணும்? பத்து நாள் முடிய முந்தி வாங்க ஏலாதா?"

என் சாச்சியின் மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. நான் ஏழாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 2020 ஏப்ரல் மாதம் அது. மார்ச் இறுதியில் கொரோனாத் தொற்றின் காரணமாக எங்கள் அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டிருந்தது. கடைகள் மூடியிருந்தன. பள்ளிவாசலில் பாங்கு மட்டும் கேட்டது. ஒரே வளவுக்குள் இருந்த எங்கள் மூன்று வீடுகளின் பிள்ளைகளும் வெளியே போக வழியில்லாமல் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பல்கலைக்கழகம் மூடப்பட்டதால் வீட்டுக்கு வந்திருந்த நானா எங்களுக்கு ஒரு விளையாட்டைக் கற்றுத் தந்திருந்தார். அந்த வாரங்களில்தான் உம்மும்மா மௌத்தானார்கள். தொற்றினால் அல்ல, முதுமையினால். ஜனாஸாவுக்கு ஒரு சிலர்தான் போக முடிந்தது. மூன்றாம் நாள் இந்தப் பிள்ளை இப்படிக் கேட்டது.

நானா பதில் சொல்லவில்லை. சாச்சி எழுந்து உள்ளே போய்விட்டார். மாமா மேசையில் கிடந்த வரைபடத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "இது சிஹ்ரு. இனி இந்த ஊட்டுல இது வாணாம்" என்றார். பிறகு நானா, "இது வெறும் விளையாட்டுத்தானே மாமா" என்றார். இருவரும் அன்று சொன்னதில் பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து. இந்த ஐந்து வருடங்களாக அந்தக் கேள்வியை நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உயர்தரத்தில் தமிழ் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அதற்கு ஏற்ற பதில் எங்கே இருக்கிறது என்று கண்டேன். அதை எழுதவே இக்கட்டுரை.

முதலில் அந்த விளையாட்டு என்ன என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அதன் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கெரி கைகெக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கி 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. கணினியோ தொலைபேசியோ வேண்டாம். கடதாசி, பென்சில், தாயக்கட்டை போதும். ஒருவர் ஓர் உலகத்தைக் கற்பனை செய்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் பாலத்தைக் கடக்கிறேன்", "நான் அந்தக் கிழவரிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்வார்கள். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதை இருபது பக்கத் தாயக்கட்டை சொல்லும். எங்களிடம் அது இல்லை. 1 முதல் 20 வரை துண்டுக் கடதாசிகளில் எழுதி வெறும் ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். நானாவின் உலகத்தில் ஓர் ஆறு இருந்தது. மழை பெய்தால் அது கடைத்தெருவுக்குள் வரும். எங்கள் பிங்கா ஓயாவைத்தான் அவர் வரைந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த விளையாட்டில் இறந்தவரை எழுப்பும் மந்திரங்கள் உண்டு. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிப்படி, இறந்து ஒரு நிமிடத்துக்குள் என்றால் 300 பொற்காசு பெறுமதியான வைரங்கள் வேண்டும். பத்து நாளுக்குள் என்றால் 500 பொற்காசு வைரம். நூறு வருடம் வரை என்றால் 1000. இருநூறு வருடம் வரை என்றால் 25,000. மந்திரம் முடிந்ததும் வைரம் இல்லாமல் போய்விடும். இறந்தவரின் ஆன்மா திரும்பி வர விரும்ப வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. 25,000 பொற்காசு மந்திரம்கூட முதுமையால் இறந்தவரை எழுப்பாது என்பது இன்னொன்று.

எங்கள் கதையில் ஒரு வாரத்துக்கு முன்னர்தான் சின்னவளின் பாத்திரம் மலையிலிருந்து விழுந்து இறந்திருந்தது. அவள் அழுத அழுகையில் நாங்கள் எல்லோரும் எங்கள் பொற்காசுகளைச் சேர்த்து 500 ஆக்கி, ஒரு வைரம் வாங்கி அவளை எழுப்பியிருந்தோம். ஆகவே அவள் கேட்டது பைத்தியக்காரக் கேள்வி அல்ல. கற்றுக்கொடுத்த விதியைச் சரியாக நினைவில் வைத்திருந்தாள். நாளைக்கூட எண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்த விதியை ஏன் வைத்தார்கள் என்று நியாயமாகவும் பார்க்க வேண்டும். கதைப் புத்தகத்தில் ஒரு பாத்திரம் இறந்தால் வாசகர் அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். இங்கே பாத்திரம் இறந்தால் அதை நடத்திய பிள்ளை மேசையில் சும்மா இருக்க வேண்டும். மாதக்கணக்கில் வளர்த்த ஒருவரை ஒரு கெட்ட எண் கொண்டுபோய்விடும். அந்த ஏமாற்றத்துக்கு மருந்தாகவே இந்த மந்திரம் வந்தது. பழைய பதிப்புகளில் இது இவ்வளவு இலகுவாகவும் இருக்கவில்லை. 1978இல் வந்த ஆட்டக்காரர் கைநூலில், எழுப்ப முயன்றால் பிழைப்பாரா என்பது பாத்திரத்தின் உடல் வலிமைக்கு ஏற்ற நூற்றுவீதத்தில் இருந்தது. குலுக்கலில் தோற்றால் அதோடு முடிந்தது. எத்தனை தடவை எழுப்பலாம் என்பதற்கும் எல்லை இருந்தது. விளையாட்டைச் செய்தவர்களுக்கே இந்த மந்திரத்தைப் பற்றி ஒரு தயக்கம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் தயங்கியது சரிதான். இந்த ஒரு விதியை ஓர் உலகத்துக்குள் விட்டால் அந்த உலகம் என்ன ஆகும்? அந்த நாட்களிலேயே ராத்தா இதைக் கேட்டு நானாவை மடக்கினார். "பத்து நாளுக்குள்ள எழுப்பலாம் எண்டா பங்கு எப்ப பிரிக்கிற? இத்தா எப்ப தொடங்குற?" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் யோசித்தால் அது சிரிப்பதற்குரிய கேள்வி அல்ல. எங்கள் மார்க்கத்தில் ஒருவர் மௌத்தானால் அடக்கச் செலவு, கடன், வஸிய்யத்து, பின்னர் வாரிசுப் பங்கு என்று ஒழுங்கு இருக்கிறது. மனைவிக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. இவ்வளவும் மரணம் திரும்பாது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கின்றன. நூறு வருடம் கழித்து ஒருவர் எழுந்து வந்து "என் காணி எங்கே?" என்று கேட்கக்கூடிய நாட்டில் யாருடைய உறுதியும் உறுதியல்ல. கொலை வழக்கில் கொல்லப்பட்டவரே வந்து சாட்சி சொல்வார். வைரம் உள்ள அரசர் பதவியை விட்டு இறங்கமாட்டார். வைரச் சுரங்கத்துக்காகப் போர் நடக்கும். சுரங்கத்தில் மண் சரிந்து இறக்கும் கூலியாளை யாரும் எழுப்பமாட்டார்கள். அவரது கூலிக்கு 500 பொற்காசு எங்கே? விளையாட்டு நூல் மந்திரத்தின் விலையைச் சொல்கிறது. அந்த விலையால் உலகம் எப்படி மாறும் என்பதை யோசிக்கும் வேலையைக் கதை நடத்துபவரிடம் விட்டுவிடுகிறது. பெரும்பாலானோர் அதை யோசிப்பதே இல்லை.

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1939இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் மாயக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பச்சைச் சூரியன் என்று யாரும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் இயல்பாகத் தோன்றும் ஓர் உலகத்தைச் செய்வதுதான் கடினம் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. மாயம் இருக்கலாம். ஆனால் அந்த உலகம் தன் சொந்த விதிகளோடு முரண்படக் கூடாது. எங்களில் பலர் வாசித்த ஹரி பொட்டர் கதைகளில் எத்தனையோ மந்திரங்கள் உண்டு. இறந்தவரை உண்மையாக எழுப்பும் மந்திரம் மட்டும் இல்லை. அது இருந்திருந்தால் பெற்றோரை இழந்த அந்தப் பையனின் கதையே இருந்திருக்காது.

இனி எங்கள் பக்கத்துக் கதைகளுக்கு வருகிறேன். எல்லாளன் கதையை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். அநுராதபுரத்தில் 44 வருடங்கள் ஆட்சி செய்தவன். அவனுடைய மகனின் தேர்ச் சில்லில் ஒரு கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் அதே சில்லினால் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. அங்கே கதை முடிகிறது. யாரும் எழவில்லை. இதே கதை தமிழ்நாட்டில் திருவாரூரில் மனுநீதிச் சோழன் கதையாகப் பெரியபுராணத்தில் வருகிறது. அங்கே இறைவன் தோன்ற, கன்றும் இளவரசனும் உயிர் நீத்த அமைச்சனும் எழுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். பெரியபுராணத்தில் எல்லோருக்கும் ஆறுதல் கிடைக்கிறது. அது பக்திக் காப்பியம், அதற்கு அந்த முடிவு வேண்டும். மகாவம்சத்தில் அந்த மன்னன் மகனில்லாமல் மிச்ச வாழ்நாளை வாழ வேண்டும். எதிரியாக வந்த ஒருவனைப் பற்றி எழுதும்போதும் அந்த நூல் அவனுடைய நீதியை மதித்ததற்கு, அவன் கொடுத்த விலை திரும்பி வராதது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெரியபுராணத்தில்கூட மன்னன் மகனை எழுப்பித் தரும்படி பேரம் பேசவில்லை. விலை கொடுத்து வாங்கவும் இல்லை. கேட்காமல் கிடைத்தது அது. நன்கொடைக்கும் விலைப்பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

நான் தேடிய பதில் மணிமேகலையில் இருந்தது. சீத்தலைச் சாத்தனார் பாடிய இந்தப் பௌத்தக் காப்பியத்தில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை என்று ஒரு பகுதி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தின் சுடுகாட்டுக்குச் சார்ங்கலன் என்ற அந்தணச் சிறுவன் தனியாகப் போகிறான். அங்கே ஒரு பேய் மனிதத் தலையைக் கையில் வைத்து ஆடுவதைக் கண்டு பயந்து, வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு இறந்துபோகிறான். தாயின் பெயர் கோதமை. தகப்பனுக்குக் கண் தெரியாது. அவள் மகனின் உடலைத் தூக்கிக்கொண்டு நடு இரவில் நகரத்தின் காவல் தெய்வமான சம்பாபதியிடம் போய்க் கதறுகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு, இவன் இருந்தால் கண்ணில்லாத தகப்பனைப் பார்த்துக்கொள்வான் என்கிறாள்.

சின்னவள் கேட்டதும் இதைத்தான். ஒருத்தி உயிரைக் கொடுக்க வந்தாள், மற்றவள் உண்டியல் காசைக் கொடுக்க வந்தாள்.

சம்பாபதி சொல்லும் பதிலை நான் பல தடவை வாசித்தேன். உயிருக்கு உயிர் மாற்ற முடியுமென்றால் அரசர்களுக்காக உயிர் கொடுக்க ஆளில்லையா, அப்படியிருந்தும் இந்தச் சுடுகாட்டில் அரசர்களின் சமாதிகள் எத்தனை ஆயிரம் இருக்கின்றன பார் என்கிறது அந்தத் தெய்வம். ராத்தா கேட்ட கேள்வியின் மறுபக்கம் இது. வைர விதி உள்ள உலகத்தில் அரசர்களுக்குச் சமாதி இருக்காது. கூலிக்காரருக்கு மட்டும்தான் இருக்கும். சாத்தனாரின் உலகத்தில் மரணத்துக்கு முன் அரசனும் சார்ங்கலனும் ஒன்று. மறுக்கப்பட்ட அந்த வரத்துக்குள் ஒரு பெரிய நீதி இருக்கிறது.

கோதமை விடவில்லை. தெய்வங்கள் வரம் தரும் என்று வேதம் சொல்கிறதே என்கிறாள். அப்போது சம்பாபதி, சக்கரவாளம் என்று அவர்கள் சொல்லும் உலக வட்டத்தில் உள்ள தெய்வங்கள் அனைத்தையும் அந்தச் சுடுகாட்டுக்கு வரவழைத்து, இவர்களில் யாராவது தர முடியுமென்றால் கேட்டுக்கொள் என்கிறது. எல்லோரும் அதே பதிலைச் சொல்கிறார்கள். கோதமை அதை ஏற்றுக்கொண்டு மகனைச் சிதையில் இட்டு, தானும் இறந்துபோகிறாள். அதன் பிறகு நடப்பதுதான் எனக்கு வியப்பு. தெய்வங்கள் எல்லாம் ஒன்றுகூடிய அந்த இடத்தில், நினைவுக்காக மயன் என்னும் தெய்வச் சிற்பி ஓர் உலகத்தைச் செய்து வைக்கிறான். நடுவிலே மேருமலை, சுற்றி ஏழு மலைகள், நான்கு பெரிய தீவுகள், இரண்டாயிரம் சிறு தீவுகள், அங்கங்கே வாழும் உயிர்கள், எல்லாம் மண்ணால். அதனால்தான் அந்த இடத்துக்குச் சக்கரவாளக் கோட்டம் என்று பெயர் வந்தது.

கற்பனை உலகங்களை மேசையில் அமைத்து விளையாடும் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான கதை தமிழில் இருக்குமா தெரியாது. இறந்தவனை எழுப்ப முடியாது என்று ஆன பிறகு, அந்தத் தாயின் துயரத்துக்குச் சாட்சியாக ஒரு முழு உலகம் மண்ணில் செய்யப்படுகிறது. எங்கள் விளையாட்டில் துக்கத்தை இல்லாமலாக்கக் கடையில் வைரம் இருந்தது. சாத்தனாரோ ஒரு துக்கத்தைச் சுற்றியே உலகத்தை அமைத்தார்.

சிங்கள மாணவியரிடம் கேட்டால் கிஸா கோதமி கதையைச் சொல்வார்கள். இறந்த பிள்ளைக்கு மருந்து கேட்டு வந்தவளிடம், யாரும் இறக்காத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்பிய கதை. அவள் வீடு வீடாகப் போகிறாள். கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது. மரணம் நுழையாத வீடு மட்டும் இல்லை. இரண்டு தாய்மாரின் பெயரும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள்.

இவை பௌத்தர்களின் கதைகளாயிற்றே, எமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். அவர்கள் வினை என்கிறார்கள், நாங்கள் கத்ர் என்கிறோம். காரணம் வேறு. ஆனால் தாயின் அழுகை வேறல்ல. எங்கள் மார்க்கத்தில் இதற்கு இன்னும் தெளிவான ஓர் இடம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் சிறு மகன் இப்றாஹீம் இறந்தபோது அவர்கள் கண்ணீர் விட்டார்கள். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இப்றாஹீமின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துக்கத்தில் இருந்த ஒரு தகப்பனுக்கு அது எவ்வளவு ஆறுதலான பேச்சாக இருந்திருக்கும்! ஆனால் சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் அடைவதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். தன் மகனின் மரணத்திலும் உலகத்தின் விதியை மாற்றிச் சொல்ல அவர்கள் இடம் கொடுக்கவில்லை. அழுவதையும் தடுக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்தன.

அல்குர்ஆனில் இறந்தவை உயிர் பெறும் சம்பவங்கள் இருக்கின்றன. ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அனுமதியுடன் இறந்தோரை உயிர்ப்பித்தார்கள். இப்றாஹீம் (அலை) அவர்களுக்கு நான்கு பறவைகள் காட்டப்பட்டன. பாழடைந்த ஊரைக் கடந்துபோன ஒருவர் நூறு வருடங்கள் மரணித்திருந்து எழுப்பப்பட்டார். இவற்றில் எங்கும் விலை இல்லை. எவருடைய திறமையும் இல்லை. மறுமையில் எழுப்பப்படுவோம் என்பதற்கு அத்தாட்சியாக அவை வருகின்றன. எனவே மாமா பயந்ததில் ஒரு நியாயம் இருந்தது. உயிரைத் திருப்பித் தருவது ஒரு கடைச் சாமானாகப் பிள்ளையின் மனதில் பதிவது நல்லதல்ல.

ஆனால் வரைபடத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்ததால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. சின்னவள் அதற்குப் பிறகு வாய் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். பதினோராம் நாள் அவள் யாருக்கும் சொல்லாமல் கட்டிலுக்கு அடியில் போய் இருந்து அழுததை நான் கண்டேன். அவள் கணக்கில் அன்றுதான் உம்மும்மா முழுவதாகப் போனார்கள். "வெறும் விளையாட்டு" என்று நானா சொன்னதும் அங்கேதான் பிழைத்தது. பிள்ளைகள் விளையாட்டில் கற்கும் விதியை வீட்டுக்குள்ளும் கொண்டுவருவார்கள். கொண்டுவருவதற்காகத்தான் விளையாடுகிறார்கள்.

பெரியவர்களையும் ஒன்று கேட்க விரும்புகிறேன். வைரக் கணக்கு விளையாட்டில் மட்டும்தான் இருக்கிறதா? 2022ஆம் ஆண்டு நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்கள் மருந்தை வரவழைத்தார்கள். இல்லாதவர்கள் காத்திருந்தார்கள். சிறுநீரகம் பழுதான ஒருவர் எத்தனை காலம் இருப்பார் என்பது பல வீடுகளில் காசைப் பொறுத்தும் இருக்கிறது. இறந்தவரை எழுப்ப எங்களிடம் வைரம் இல்லை. ஆனால் இறக்காமல் காப்பாற்றும் வைரங்கள் இருக்கின்றன, அவை எல்லோர் கையிலும் இல்லை. அந்த விளையாட்டு விதி பிள்ளைகளுக்குப் பிழையாகத் தெரிகிறது என்றால், அந்த நியாய உணர்வை இந்தப் பக்கமும் திருப்பிவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. அதே கொரோனாக் காலத்தில், தொற்றினால் இறந்தவர்களின் உடல்கள் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்டன. 2021 மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும் வரை எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் தவித்தன. அந்தக் குடும்பங்கள் உயிரைத் திருப்பிக் கேட்கவில்லை. மண்ணைத்தான் கேட்டன. ஒரு கபுறு, மூன்று பிடி மண், ஒரு துஆ. இறந்தவர் திரும்ப மாட்டார் என்பதை ஏற்றுக்கொண்ட மனிதர்களுக்கு அந்த மண் எவ்வளவு பெரியது என்பதை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது.

ஆகவே என் கருத்து இதுதான். தோழியரே, கற்பனை உலகங்களைச் செய்யுங்கள். கதை எழுதினாலும் விளையாடினாலும் வெளியிலிருந்து வரும் விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இறந்தவர் எழலாம் என்று உங்கள் உலகத்தில் ஒரு விதி வைத்தால், அதன் பிறகு அங்கே காணி உறுதி என்ன ஆகும், விதவை என்ன செய்வாள், ஏழை எங்கே நிற்பான் என்று கடைசி வரை யோசியுங்கள். யோசிக்க முடியாவிட்டால் அந்த விதியை விட்டுவிடுங்கள். பெற்றோரே, பிள்ளைகளின் மேசையில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். "இந்த உலகத்துல ஆள் மௌத்தானா என்ன நடக்கும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தடை செய்வதானாலும் அதைக் கேட்ட பிறகு செய்யுங்கள்.

எங்கள் வளவில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். உம்மும்மா ஒரு சீட்டுப் போட்டிருந்தார்கள். பணத்தை முன்னரே எடுத்துவிட்டார்கள், இரண்டு மாதக் கட்டணம் பாக்கி இருந்தது. ஊர் திறந்த பிறகு உம்மா அந்த இரண்டு மாதத்தையும் கொண்டுபோய்க் கட்டினார். சின்னவளும் கூடப் போனாள். "மௌத்தானவங்கட கடன் நாங்க கட்டலாமா?" என்று வழியில் கேட்டாளாம். கட்டலாம், கட்ட வேண்டும் என்று உம்மா சொன்னார். ஸதகா கொடுக்கலாம், துஆ செய்யலாம் என்றும் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து அலுமாரிக்கு மேலிருந்த வரைபடம் கீழே வந்தது. இறக்கித் தந்தவர் மாமாதான். முதல் ஆட்டத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தும் பார்த்தார். வைரக் கடையை நானா அழித்துவிட்டார். அதற்குப் பதிலாக இருக்கும் விதி சின்னவள் சொன்னது. ஒரு பாத்திரம் இறந்தால் மற்றவர்கள் அன்றைய ஆட்டத்தை நிறுத்தி, ஆளுக்கொன்றாக அவர் செய்த நல்லதைச் சொல்ல வேண்டும். அவர் முடிக்காமல் விட்ட ஒரு கடனை அல்லது வாக்கை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். அதை முடிக்கும் வரை கதை அடுத்த ஊருக்குப் போகாது.

அவள் இப்போது எட்டாம் தரம். போன விடுமுறையில் என் பாத்திரம் ஆற்றைக் கடக்கும்போது இறந்துவிட்டது. ஒரு பாலம் கட்டித் தருவதாக ஒரு கிராமத்துக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கை அவள் எடுத்துக்கொண்டாள். மூன்று பின்னேரங்கள் அந்தப் பாலத்துக்கே போயின.